சின்னக்கானலுக்குப் போன எண்ணெய்

என்னைப் படிக்க வைத்தது என் அண்ணன்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் சொல்லப்போவதை வைத்து யாராவது அவரை ஒரே வார்த்தையில் கெட்டவர் என்று முடிவுகட்டினால் எனக்கே பொறுக்காது.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி இருக்கிறது. கடலை, தென்னை, கொஞ்சம் கரும்பு. கடலைக்காட்டின் ஓரம் முழுக்க வேலி போட்ட மாதிரி கொட்டமுத்துச் செடி நிற்கும். ஆமணக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பா இறந்த பிறகு காட்டைக் கவனிக்க வேண்டிய அண்ணன் அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கஞ்சிக்கோட்டில் ஒரு லேத் பட்டறை போட்டார். அங்கே புதிது புதிதாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த சமயம். அவற்றுக்கு உதிரி சாமான் கடைந்து கொடுப்பது அவர் வேலை.

நான் பள்ளிக்கூடம் முடித்ததும் மாமன் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அம்மாவுக்குச் சம்மதம். அண்ணன்தான் குறுக்கே நின்றார். "அம்மிணி படிக்கட்டும். படிச்சு முடிக்கற வரைக்கும் இந்தப் பேச்சை இந்த ஊட்டுல யாரும் எடுக்கப்படாது" என்றார். மாமன் வீட்டார் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலேஜில் சேர்ந்த முதல் நாள் பாலக்காடு வரை பஸ்ஸில் கூடவே வந்தார். கேட்டுக்குள் போகப் பயந்து நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

நான் எடுத்தது வேதியியல். படித்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலத்தில்தான் அரபு நாட்டுப் பக்கம் சண்டை வந்து எண்ணெய் விலை ஏறியது. மண்ணெண்ணெய்க்கு வரிசை. பட்டறைக்குத் தேவையான ஆயில் எந்த ஏஜென்டிடமும் கிடைக்கவில்லை. இரும்பைக் கடையும்போது கருவி சூடேறாமல் இருக்க ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலையும் கெடும், கருவியும் போகும். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த அண்ணன், பட்டறையை மூடிவிட்டுக் காட்டுக்கே போய்விடலாம் போலிருக்கிறது என்றார்.

"விளக்கெண்ணெயை ஊத்திப் பாருங்கண்ணா" என்றேன்.

அவர் சிரித்தார். "மெசினுக்குப் பேதி குடுக்கச் சொல்றயா?"

ஆனால் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துப் போனார். சாயங்காலம் வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. "இரும்பு வெண்ணெயாட்டம் அறுபடுது அம்மிணி" என்றார்.

எல்லாம் இப்படித்தான் ஆரம்பித்தது. அண்ணன் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இறக்கி, அதில் அடுப்பும் இரண்டு பீப்பாயும் வைத்துக் கொடுத்தார். காலேஜ் லேபில் வேலை செய்த ஒருவர் மூலம் கண்ணாடிக் குடுவைகளும் வந்தன. நான் தினமும் பஸ்ஸில் கஞ்சிக்கோடு போய்வர ஆரம்பித்தேன். பட்டறையில் இருந்தவர்கள் என்னை முதுகுக்குப் பின்னால் 'வெளக்கெண்ணெ அம்மிணி' என்றார்கள். அண்ணனுக்கு அது தெரியும். அவரும் சில சமயம் அப்படியே கூப்பிட்டுச் சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும்.

வேலை சுலபமாக இல்லை. விளக்கெண்ணெய் வழவழப்பானதுதான். ஆனால் தடிமன் அதிகம், சின்னச் சின்னச் சந்துகளுக்குள் இறங்காது. இளக்குவதற்குப் புங்க எண்ணெய் கலந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். கடலை எண்ணெய் கலந்தால் சில வாரங்களில் பிசின் மாதிரி ஒட்ட ஆரம்பிக்கும். எண்ணெயில் இருக்கும் புளிப்பை எடுக்கக் காரத்தண்ணீர் விட்டுக் கழுவினேன். களிமண்ணில் வடிகட்டினேன். கடலை எண்ணெயோடு ஒரு பங்கு நல்லெண்ணெய் சேர்த்த குடுவை மட்டும் மற்றவற்றைவிட வெகுநாள் பிசின் பிடிக்காமல் இருப்பதை ஒருநாள் தற்செயலாகக் கவனித்தேன். அதைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் எனக்குப் பிடிகிடைத்தது. எத்தனை பங்கு, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று திரும்பத் திரும்பக் காய்ச்சினேன். என் புடவைகளில் எண்ணெய் வாசனை போகவே போகாது என்று அம்மா திட்டுவாள்.

இன்னொன்றும் செய்தேன். பட்டறைக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த இடத்தில் இரண்டு பாத்தி கட்டி, ஒன்றில் பஸ் எஞ்சினில் வடித்த பழைய ஆயிலையும் மற்றதில் என் எண்ணெயையும் ஊற்றி வைத்தேன். மழைக்காலம் முடிந்தபோது பழைய ஆயில் ஊற்றிய பாத்தி கறுத்துச் செத்துக் கிடந்தது. என் பாத்தியில் புல் வந்துவிட்டது. மண்வெட்டியால் கொத்திப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து மண்ணை அள்ளி மோந்து பார்த்தார்.

"மண்ணு தின்னுபோட்டுதா?"

"ஆமாங்கண்ணா. மக்கிப் போயிருச்சு."

"இதை யாருக்கு விக்கறது தெரியுமா? தேயிலைக்காரங்களுக்கு" என்றார். அவருடைய மூளை அப்படி. நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போக வேண்டிய இடத்தை அவர் பார்த்தார்.

சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை பேக்டரிக்கு அவர் ஏற்கனவே உதிரி சாமான் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே கொழுந்தை உருட்டுகிற மெஷினுக்கு ரோலர் என்று பேர். பித்தளை மேசை மேல் பெரிய வட்டப் பெட்டி சுற்றிச் சுற்றி வந்து இலையைக் கசக்கும். அந்தப் பெட்டியைச் சுழற்றும் இரும்புக் கைகளில் ஊற்றுகிற ஆயில் சில சமயம் சொட்டுச் சொட்டாக இலையில் விழும், விழுந்தால் அந்தத் தேயிலை வீண். தரையைக் கழுவிவிட்ட தண்ணீர் ஓடையில் இறங்கி, கீழே லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஜனங்கள் துணி துவைக்கிற இடத்தில் ஏழு நிறத்தில் படலமாக மிதக்கும். இதையெல்லாம் அண்ணனுக்குச் சொன்னவர் அந்த பேக்டரி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர். அப்பன் காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

முதல் தடவை நானும் அண்ணனும் சேர்ந்துதான் போனோம். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது குளிரில் எனக்குப் பல் கிட்டியது. எண்ணெய்க்கும் அதே கதிதான். கஞ்சிக்கோட்டுச் சூட்டில் தண்ணீராய் ஓடியது அங்கே பாகு மாதிரி நின்றது. பிட்டர் டின்னைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்ன தாயி, அல்வா கொண்டாந்திருக்கீகளா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன்தான் கலகலவென்று சிரித்து, "அடுத்த தடவை சாமான் வேற மாதிரி வரும் பாருங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு இறங்கினார். திரும்பி வருகிற வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டே வந்தார்.

அடுத்த தடவை வேறு மாதிரிதான் போனது. கலவையை மாற்றி, குளிரில் உறையும் பாகத்தை முன்கூட்டியே ஐஸில் வைத்து உறையவிட்டு வடித்துவிட்டுக் கொண்டுபோனேன். பிட்டர் ஒரே ஒரு ரோலரில் ஊற்றிப் பார்க்கத் துரையிடம் அனுமதி வாங்கினார். எஸ்டேட் மேனேஜரை அங்கே துரை என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு ரோலர் அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடியது. பிட்டர் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார்: மற்றதுக்கும் இதையே ஊற்றலாம், நான் துரையிடம் ஜாமீன் நிற்கிறேன் என்று.

அன்றைக்கு அண்ணன் பட்டறையில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். "என்ற தங்கச்சி எண்ணெய்" என்று பக்கத்துக் கம்பெனிக்காரர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வார்த்தையை நான் அன்றைக்கு எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பக்கத்து எஸ்டேட்டுகளும் கேட்டன. உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு மரமில்லில் ரம்பத்துக்கு வேண்டும் என்றார்கள். கேட்கிற அளவுக்கு எங்களால் காய்ச்ச முடியவில்லை. அண்ணன் இரண்டு ஆட்களைச் சேர்த்தார். நான் அவர்களுக்குப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு ஒருநாள் அவர், "அம்மிணி, நீ இனித் தெனமும் இவ்வளவு தூரம் வர வேண்டாம். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்கன்னு அம்மா சங்கடப்படுது. பசங்கதான் பழகிட்டாங்களே. நீ ஊட்டுலயே இருந்து அந்தக் கிரீசைப் பாரு" என்றார்.

விளக்கெண்ணெயையும் சுண்ணாம்பையும் காய்ச்சிக் கிரீஸ் செய்ய முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணன் மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தார். என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

கொழுந்து அதிகம் வருகிற பருவத்தில், எங்கள் டின்களை ஏற்றிப்போகும் எஸ்டேட் லாரி டிரைவர் ஒருவர், பட்டறை பூட்டியிருந்ததால் ஊருக்கே வந்து வாசலில் நின்றார். அண்ணன் கோயமுத்தூர் போயிருந்தார்.

"டின் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் டிரைவர். "உங்க எண்ணெய் ஊத்துன ரோலர் எல்லாம் இறுகி நின்னுபோச்சு. கொழுந்து அப்படியே குமிஞ்சு கெட்டுப் போச்சு. பிட்டரை மெஷின் பக்கமே வரக்கூடாதுன்னு ஸ்டோருக்கு மாத்திட்டாங்க."

எனக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் விடிந்ததும், அம்மா தடுக்கத் தடுக்க, நானே காய்ச்சி வைத்திருந்த எண்ணெயில் ஒரு பாட்டிலும், சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் காஸ்டிக் சோடாவும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் நான் போனது அதுதான் முதல் தடவை.

பிட்டர் ஸ்டோரில் சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"ஒங்களை நம்பித்தான தொரைகிட்ட வாய் குடுத்தேன்" என்றார். "இத்தனை வருசத்துல ஒரு கெட்ட பேரு வாங்குனதில்ல தாயி. எம்புள்ளைக முன்னாடி என்னைய சாக்கு அடுக்க வச்சுட்டீகளே."

ரோலரைப் பார்க்க வேண்டும் என்றேன். கழற்றி வைத்திருந்த பாகங்களை ஒரு பையன் காட்டினான். தார் மாதிரி கறுப்பாக ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து மோந்தேன். விளக்கெண்ணெய் வாசனையே இல்லை. பஸ் டிப்போ வாசலில் அடிக்கிற கருகல் நாற்றம்.

ஸ்டோரில் இன்னும் திறக்காத டின்கள் இருந்தன. பிட்டரைக் கெஞ்சி ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் அடுப்பும் ஸ்பிரிட்டும் தந்தார். செடியிலிருந்து வரும் எண்ணெயை ஸ்பிரிட்டிலும் காஸ்டிக்கிலும் போட்டுக் காய்ச்சினால் அது சோப்பாக மாறிவிடும், பிறகு வெந்நீர் விட்டால் தெளிவாகக் கரையும். பூமிக்கடியிலிருந்து எடுக்கிற எண்ணெய் சோப்பாகாது. தண்ணீர் விட்டதும் பிரிந்து மேலே வந்து நிற்கும். நான் கொண்டுவந்த எண்ணெயை ஒரு குவளையிலும் டின்னில் எடுத்ததை இன்னொன்றிலும் காய்ச்சித் தண்ணீர் ஊற்றினேன். என் குவளை தெளிந்து நின்றது. மற்றது பால் மாதிரி கலங்கி, கொஞ்ச நேரத்தில் ஊற்றிய எண்ணெயில் பாதிக்கு மேல் கறுப்பாக மேலே வந்து நின்றது.

பிட்டர் இரண்டு குவளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இது ஒங்க எண்ணெய் இல்லையா?"

"என் எண்ணெயில எவனோ கழிவாயிலைக் கலந்திருக்கறானுங்க."

"எவன்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான். எங்களுக்கு விளக்கெண்ணெய் ஆட்டிக் கொடுக்கிற மில்காரர் மேல்தான் என் சந்தேகம் போனது. அண்ணனை ஏமாற்றியிருக்கிறான் பாவி என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனதுக்குள் பொருமிக்கொண்டே வந்தேன். அண்ணனிடம் சொன்னால் அவனைச் சும்மா விடமாட்டார் என்று ஒரு தெம்பு.

நேராகக் கஞ்சிக்கோட்டில்தான் இறங்கினேன். அண்ணன் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ரோலர் இறுகியது, பிட்டரை மாற்றியது, டிஸ்பென்சரியில் சோதித்தது. மில்காரரை உடனே போய்க் கேட்க வேண்டும் என்றேன். அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதை அங்க யாருகிட்டயெல்லாம் சொன்ன?"

எப்படி என்று அவர் கேட்கவில்லை. யார் என்று கேட்கவில்லை. நான் அவரைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனேன். மூலையில் மூடியிருந்த தார்ப்பாயை விலக்கியதும், நான் அதுவரை பார்த்திராத கழிவாயில் பீப்பாய்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு டின்னின் வாயில் வடிகட்டுகிற துணி கட்டியிருந்தது. துணி கன்னங்கரேலென்று இருந்தது.

அவர் பின்னாலேயே வந்து நின்றார்.

"கெடுக்கோணும்னு பண்ணுல அம்மிணி. கொட்டமுத்து வெலை ஏறிப்போச்சு. சரக்குக் கேட்டு வாசல்ல நிக்கறாங்க, இல்லைன்னா அடுத்தவங்கிட்டப் போயிருவாங்க. மொதல்ல ஒரு கை அளவுதான் சேத்துனேன். ஒண்ணும் ஆகுல. அப்பறம் கொஞ்சம் சேத்துனேன்."

"கொஞ்சமாங்கண்ணா? பாதிக்கு மேல மெதக்குதுங்க."

எனக்குக் கோபத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. அண்ணன் தப்பு செய்துவிட்டார், சரி. ஒப்புக்கொண்டுவிட்டார். இனி நாங்கள் இரண்டு பேரும் போய் உண்மையைச் சொல்லி, நல்ல எண்ணெயைக் கொடுத்து, கெட்ட பேரைத் துடைத்துக்கொள்ளலாம். அந்த ராத்திரி அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மலையேறுவது மாதிரிகூட நினைத்தேன்.

எஸ்டேட் கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் பட்டறைக்கு வரப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள். நானும் இருக்க வேண்டும் என்று அண்ணனே என்னை அழைத்துப் போனார். சோதித்துக் காட்டக் கேட்டால் தேவைப்படுமே என்று நான் குடுவையெல்லாம் கழுவித் துடைத்து வைத்திருந்தேன். ஆபீசர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். கூடவே எஸ்டேட் ஆள் ஒருவர். உட்காரக்கூட இல்லை.

"நஷ்டத்தைப் பத்திப் பிறகு பேசலாம்" என்றார். "குற்றம் எங்கே வந்தது? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்படி அவர் யார் முன்னாலும் நின்று நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க சார், எனக்கு லேத்து ஒண்ணுதானுங்க தெரியும். இந்தக் கெமிஸ்ட்ரி எல்லாம் என்ற தங்கச்சிங்க. புஸ்தகத்துல படிச்சுட்டு வந்து, செடி எண்ணெய்லயே மெசினு ஓட்டலாம்னு சொல்லுச்சு. புள்ள ஆசையாச் சொல்லுதேன்னு நானும் உட்டுட்டனுங்க. செடி எண்ணெய் சூட்டுல பிசின் புடிக்குமாட்ட இருக்குது. அது எனக்குத் தெரியாமப் போச்சு. தப்பு என்ற மேலதானுங்க, நம்பியிருக்கப்படாது."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்படி இல்லீங்க சார்" என்றேன். "அந்த டின்னுல இருக்கறது என் எண்ணெய் இல்லீங்க. பஸ்ஸுல வடிச்ச கழிவாயில் கலந்திருக்குதுங்க. இப்பவே காய்ச்சிக் காட்டறனுங்க."

அண்ணன் என்னிடம் வந்து தலையில் கை வைத்தார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் வைப்பாரே, அந்த மாதிரியே. ஆபீசரைப் பார்த்து, "மனசு ஒடஞ்சு போச்சுங்க அதுக்கு. எத்தனை பாடுபட்டுச்சுங்க பாவம்" என்றார்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கம்தான் இருந்தது. நான் துடைத்து வைத்த குடுவைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெண்குட்டி சின்னப் பிராயம், போகட்டும். இனி இந்தப் பரிசோதனை எல்லாம் எங்கள் மெஷினில் வேண்டாம்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நஷ்டப் பேச்சு அதோடு நின்றுபோனது. அண்ணனுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

கார் போனதும் அவர் லேத் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "அவன் உனக்காவ உன்ற மாமனையே பகைச்சுட்டு நின்னான். நீ வெளியாளு முன்னால அவனைத் திருடனாக்கறயா?" என்றாள்.

"அவரு என்னை முட்டாளாக்குனாருங்கம்மா."

"உனக்கென்ன, நாளைக்கு இன்னொரு ஊட்டுக்குப் போயிருவ. அவன் இங்கயே தொழில் பண்ணோணும். நீ செத்தப் பொறுத்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகுது?"

அம்மா கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவளுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் எனக்கு வலித்தது. என் எண்ணெய் பிசின் பிடிக்காமல் இருக்க நான் எத்தனை நாள் அந்தக் கொட்டகையில் வெந்தேன் என்று அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒருவர்தான் அது பிசின் பிடித்தது என்று சாட்சி சொல்லியிருந்தார்.

நான் இன்னொரு தடவை சின்னக்கானலுக்குப் போனேன். வீட்டில், கூடப் படித்த கூட்டுக்காரிக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனேன். துரையை அவர் பங்களா வாசலில் பார்த்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கலந்தது அண்ணன் என்றே சொன்னேன், வேறு யார் மேலும் பழியைப் போடவில்லை. டிஸ்பென்சரி நர்ஸையும் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம்" என்றார். "ஆனா எனக்கு என்ன வித்தியாசம்? எண்ணெய் மோசமோ, விக்கிறவர் மோசமோ, நின்னது என் ரோலர். உங்க டின்னை இனி ஊத்தச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை."

"அது புரியுதுங்க. பிட்டர் மேல குத்தம் இல்லைன்னு சொல்லத்தான் வந்தனுங்க."

அதற்கு மட்டும் அவர் தலையசைத்தார். அதைச் செய்தும் கொடுத்தார். பிட்டரை மறுபடி மெஷினுக்கு விட்டார்கள். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையில் பழைய மாதிரி கறுப்பு ஆயில்.

"நீங்க வந்து சொன்னது பெரிய காரியம் தாயி" என்றார். "வேற யாரும் வந்திருக்க மாட்டாக. ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இனி எண்ணெய்னு சொல்லிக்கிட்டு இங்கன வராதீக. இன்னொரு தடவ ஒருத்தருக்காக வாய் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

சரி என்றேன். அவர் பஸ் வரும் வரை பக்கத்தில் நின்றார்.

நான் விட்டுவிடவில்லை, கொஞ்ச நாள் முயன்றேன். கஞ்சிக்கோட்டில் வேறு இரண்டு பட்டறைகளுக்கும், பொள்ளாச்சியில் ஒரு கயிறு மில்லுக்கும் பாட்டிலோடு போனேன். எங்கே போனாலும் கதை எனக்கு முன்னால் போயிருந்தது. "செடி எண்ணெய்ங்களா? எஸ்டேட்டுல ரோலரையே இறுக்கிப்போட்டுச்சே, அதுங்களா?" என்பார்கள். அது கழிவாயில் என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சொல்லி முடித்தாலும், யார் கலந்தது என்று கேட்பார்கள். துரையிடம் சொன்ன என்னால் சொந்தக்காரர்கள் நடமாடும் கஞ்சிக்கோட்டில் அதைச் சொல்ல முடியவில்லை. இதற்குள் ஏஜென்டுகளிடம் பழையபடி ஆயில் வர ஆரம்பித்திருந்தது. விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் அதையே வாங்கினார்கள். அண்ணன் ஒரு பெரிய கம்பெனி ஆயிலுக்கு ஏஜென்ட் ஆனார். பட்டறையைவிட அதில் நன்றாக வந்தார். என் கொட்டகையில் இப்போது அந்த டின்கள் அடுக்கியிருந்தன.

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. அதற்கும் அண்ணன்தான் தெரிந்தவர்களைப் பிடித்துச் சொல்லிவைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று விட்டெறிய எனக்கு மனமில்லை. வேலை வேண்டியிருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்குப் புடவை எடுத்து வருவார். குழந்தைகளைக் கொஞ்சுவது மாதிரி என்னிடம் பேசுவார். அந்தப் பேச்சை மட்டும் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீட்டில் யாராவது விளக்கெண்ணெய் என்று சொன்னால் இருவரும் ஒரே சமயத்தில் வேறு பக்கம் பார்ப்போம்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன்தான் நின்று எல்லாம் செய்தார். பந்தலில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஓடினார். நான் புறப்படுகிற நேரம் காலில் விழுந்தேன். தூக்கி நிறுத்தியவர் சத்தமாக அழுதுவிட்டார். கூட்டமே கலங்கிப்போனது. அழுகை பொய் இல்லை. அது எனக்குத் தெரியும். அவரை அறிந்த அளவுக்கு நான் வேறு யாரையும் அறிந்ததில்லை.

கார் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மிணி, எம்மேல இன்னும் வருத்தமா?" என்றார்.

"இல்லீங்கண்ணா" என்றேன்.

அவர் முகம் அப்படியே தெளிந்தது. நான் சொன்னதை உடனே நம்பிவிட்டார். கார் நகர்ந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர், அண்ணன் என்ன கேட்டார் என்றார். ஒன்றுமில்லை, ஜாக்கிரதையாகப் போகச் சொன்னார் என்றேன்.